செயலாளரின் ஆண்டறிக்கை: மணல்மேட்டு நடைகள்

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிக்கிறார். செயற்குழு முறையாகக் கூடியது, புதிய உறுப்பினர்களும் சேர்ந்தார்கள். மற்றபடி இந்த ஆண்டு நம் வேலை முழுக்கக் கடலோர மணல்மேடுகளில்தான்.

நடையை மாலையிலிருந்து விடியற்காலைக்கு மாற்றினோம். வருகை குறைந்தது உண்மைதான். ஆனால் வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று கிளம்பிவிடும். அப்புறம் மணலில் ஒரு தடமும் மிஞ்சாது. மேட்டு உயிர்கள் பல இரவில் நடமாடுபவை என்பதால் தடத்தை வைத்துத்தான் அவற்றை அறிய முடியும். பேய் நண்டு குத்திப்போன புள்ளிகளையும், நடுவே வால் இழுத்த கோடுள்ள ஓணான் தடத்தையும் உறுப்பினர்கள் இப்போது சட்டென்று பிரித்துச் சொல்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறிய தடமும் கிடைத்தது. அது துடுப்புகளை இடம், வலம் என்று மாற்றி மாற்றி வைத்து நகரும். பேராமையோ இரண்டையும் ஒருசேர ஊன்றித் தள்ளும். பதிவேட்டில் ‘ஆமைத் தடம்’ என்று மட்டும் எழுதாமல் இந்த வேறுபாட்டையும் குறிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

காற்று வரும் பக்கம் மேடு மெல்ல ஏறும். மறுபக்கம் ஏறக்குறைய 30 முதல் 34 பாகை சாய்வில் சரிந்து இறங்கும். உலர்ந்த மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது. காற்று படாத மறைவில் எறும்பு பிடிக்கும் பூச்சிப்புழுவான குழியானை தோண்டும் குழியும் இந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது: எறும்பு கால் வைத்ததும் மணல் சரியும், கீழே அதன் தாடை காத்திருக்கும். இராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லின் காய்ந்த விதைப்பந்து காற்றில் உருண்டோட, அதன் பின்னால் ஓடியதிலேயே ஒரு காலைப் பொழுது போனது. வெட்டி வேலை என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கவலை ஒன்று உண்டு. கடல் பக்கத்து முதல் மேட்டைப் பிடித்து நிறுத்துவது அடம்புக் கொடியும் இராவணன் மீசையும்தான். அவற்றை மிதித்துத் தடம் போட்டால் காற்று அந்த வழியாகவே மணலைப் பறித்துப்போகும். உப்புக்கொத்திப் பறவையோ வெறும் மணல் பள்ளத்தில், மணல் நிறத்திலேயே முட்டையிடுகிறது. ஆள் நெருங்கினால் இறகு ஒடிந்ததுபோல் நடித்து நம்மைக் கூட்டைவிட்டு விலக்கி இழுத்துப்போகும். அந்த நடிப்பைப் படம் எடுக்க நாம் நின்றால், அவ்வளவு நேரமும் முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

எனவே கூடுகட்டும் மாதங்களில் முதல் மேட்டில் ஏறுவதில்லை, ஈர மணலோடு மட்டும் நடப்பது, கூட்டருகே கேமரா எடுப்பதில்லை என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்