பிரித்த தையல்

அன்பு மகன் குமரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை. வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. கவுண்டன்யா ஆற்றில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஒரு வருஷமும் நீ தவறவிட்டதில்லை. வருவதாக இருந்தால் பகலிலேயே கிளம்பு. பேரணாம்பட்டு மலைப்பாதையில் ராத்திரியில் வண்டி ஓட்டாதே.

போனில் "சரி", "ம்" என்று அனுப்புகிறாய். அம்மா அதையும் இரண்டு முறை எடுத்துப் பார்க்கிறாள். பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும் என்று எனக்கே தெரியும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

கடையில் இப்போது வருவதெல்லாம் ஆல்டரேஷன்தான். புதுத்துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் யூனிஃபார்ம் கொஞ்சம் வரும். மதியத்தில் ஆள் வராதபோது செல்போனில் படிக்கிறேன். அக்கா மகள் கல்யாணத்தன்று "துணியில என்னப்பா இருக்கு?" என்று கேட்டாயே, மூன்று மாதமாக அது காதிலேயே நிற்கிறது. அதைப் பற்றித்தான் தேடித் தேடிப் படித்தேன்.

நீ நாலாவது படிக்கும்போது வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அகழியில் கல் எறிந்து என்னிடம் திட்டு வாங்கினாய். 1806 ஜூலை 10-ல் அங்கே நடந்த சிப்பாய்க் கலகம் உனக்குப் பாடத்தில் வந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் வெள்ளைக்காரர்களிடமிருந்து சிப்பாய்களுக்குப் புது உத்தரவு வந்திருக்கிறது. நெற்றியில் விபூதி, நாமம் கூடாது. வேலை நேரத்தில் காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை எல்லோரும் ஒரே அளவாக வைக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோலில் குஞ்சம் வைத்தது ஒன்று. மே மாதத்தில் மாட்டேன் என்றவர்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்து, இரண்டு பேருக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். அப்புறம்தான் ஜூலையில் கோட்டைக்குள் ரத்தம் ஓடியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். ஆனாலும் அந்த உத்தரவை அவர்கள் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. கவர்னர் பெண்டிங்க், படைத்தலைவர் கிரடாக் இரண்டு பேரையும் சீமைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். துணியில் என்ன இருக்கிறது என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

அந்தச் சிப்பாய்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தலையில் துளித் தோல் பட்டதற்கு அவ்வளவு கொதித்தார்கள் என்று படிக்கும்போது உன் தாத்தாதான் கண்ணில் நின்றார். முப்பது வருஷம் பேரணாம்பட்டு டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று தோல் புரட்டியவர். ராத்திரி சோறு சாப்பிடும்போது அவர் விரல் இடுக்கில் வெள்ளையாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் குழம்பு பட்டால் முகம் சுளிப்பார், சத்தம் போடமாட்டார்.

இன்னொன்றும் படித்தேன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுத் தடை போட்டிருக்கிறார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலே ரவிக்கையோ துணியோ போடக்கூடாது. பூ வைக்கக்கூடாது. மீறினவர்களின் குடிசைகளுக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இப்படி எண் போட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே நடந்தது. பெரிய தெருவுக்குள் போனால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். டேனரியில் முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு உன் தாத்தா, என் நைனா, புதுத் துண்டு ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அதே தெருவில் நடந்தாராம். அந்தக் கதையை ஆம்பூர் பெரியம்மா சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். அந்தப் பச்சைக்கரைத் துண்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் உன்னை வளர்த்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நீ கசங்கின சட்டை போட்டதில்லை. பட்டன் அறுந்து ஒரு நாள் போனதில்லை. வாத்தியார் உன்னை முன் பெஞ்சில் உட்கார வைத்தார் என்றால் அதில் என் இஸ்திரிக்கும் பங்கு உண்டு. இன்றைக்குப் பெங்களூரில் அவ்வளவு பெரிய கம்பெனியில் நீ இருப்பதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளை அக்கா மகள் கல்யாணத்துக்கு முட்டி கிழிந்த பேண்ட்டோடு வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஆயுசு முழுக்க ஊரான் கிழிசலைத் தைத்துச் சோறு போட்டவன் நான். அதை நீயாவது நினைத்திருக்க வேண்டாமா?

ஜீன்ஸைப் பற்றியும் படித்தேன். அதைச் செய்ததும் ஒரு டெய்லர்தானாம். அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்று பெயர். கூலி வேலை செய்கிறவர்களுக்கு பேண்ட் பாக்கெட் மூலையில் கிழிந்துகொண்டே இருந்ததால், அங்கே செம்பு ரிவிட் அடித்துக் கொடுத்தார். துணி விற்ற லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873-ல் காப்புரிமை வாங்கினார். கிழியக்கூடாது என்று உழைக்கிறவனுக்காகச் செய்தது இன்றைக்குக் கிழித்தே விற்பனைக்கு வருகிறது. சரி, கிழிசலைப் பார்த்து யாரும் உன்னை ஏழை என்று நினைக்காத ஊரில் நீ இருக்கிறாய். அது எனக்குச் சந்தோஷம்தான். அன்றைக்கு அது தோன்றவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்கும் தெரியாது.

1984-ல் நான் வேலூரில் ஒரு தையல் கடையில் பட்டன் ஓட்டை தைக்கிற காஜா பையன். பதினைந்து வயது. ஒரு மதியம் நைனா வந்தார். டேனரியிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறார். லுங்கியெல்லாம் சுண்ணாம்புக் கறை, தோலின் நாற்றம். தோளில் துண்டு. கையில் தூக்குச்சட்டி, அம்மா கொடுத்த புளிச்சோறு. உள்ளே ஒருவர் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தினார். முதலாளி என்னைப் பார்த்து "யார்றா அது?" என்றார். நான் "எங்க ஊர்க்காரருங்க" என்றேன்.

நைனா காதில் விழுந்துவிட்டது. தூக்குச்சட்டியைப் படியில் வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்தார், இடுப்பில் கட்டினார். "வரேங்க" என்றார். முதலாளியிடம் இல்லை குமரா, என்னிடம். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன். அழவும் இல்லை. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். ஒரு நாளும் அவர் அதைப் பேசவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எத்தனையோ ராத்திரி ஒரே திண்ணையில்தான் படுத்திருந்தோம்.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் "பிச்சைக்காரன் மாதிரி வந்து நிக்கிறான்" என்று உன்னைச் சொன்னது அந்தக் காஜா பையன்தான். இவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அதே பயம். நாற்பது வருஷமாகியும் போகவில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அன்றைக்கு ராத்திரியே நீ அந்த மலைப்பாதையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நீ போய்ச் சேர்ந்தேன் என்று அம்மாவுக்கு மெசேஜ் போடும்வரை நான் வாசலில்தான் இருந்தேன்.

நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன பேண்ட் இங்கேதான் இருக்கிறது. அம்மா துவைத்து மடித்து வைத்திருந்தாள். போன மாதம் அதைக் கடைக்கு எடுத்துப்போய் விரித்துப் பார்த்தேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. முட்டியில் பாவு நூலை மட்டும் வெட்டி, ஊடை நூலை அறுக்காமல் விட்டிருக்கிறார்கள். வேலை தெரிந்த கை. அது தெரிந்தும் எனக்குக் கை நிற்கவில்லை. உள்ளே ஒட்டுத்துணி கொடுத்து, நீல நூலில் இரண்டு முட்டியையும் மூடித் தைத்துவிட்டேன். நல்ல தையல்தான். நேற்று உட்கார்ந்து முழுவதையும் பிரித்தேன். ஒரு வெள்ளை நூல்கூட அறவில்லை. ஊசி போன தடம் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. இன்னும் இரண்டு முறை துவைத்தால் மறைந்துவிடும்.

கூரியரில் அனுப்பவா, சிரசுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறாயா? வருவதாக இருந்தால் பகலில் வா.

அன்புடன்,
அப்பா