பாஸ்வேர்ட் மேனேஜர் எது நல்லது என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

"நல்ல பாஸ்வேர்ட் மேனேஜர் எதும்மா" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, அடுத்த நிமிஷமே அதை அழித்தும் விட்டாய். நான் பார்த்துவிட்டேன். பிட்வார்டன் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம், ஆனால் நடு ராத்திரியில் உனக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று யோசித்து எனக்குத் தூக்கமே வரவில்லை. எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை, நீயாகச் சொல்லும்போது சொல். இதை மெயிலில் அனுப்பாமல் உன் ஆபீஸ் முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். படித்துவிட்டு அங்கேயே வைத்துவிடு, வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

பிட்வார்டன் போதும். உன் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும், அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட் ஒன்றை மட்டும் நீ நினைவில் வைத்தால் போதும். இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்ட் வேண்டுமானாலும் வைக்கலாம், போனிலும் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். ஒன்பாஸ்வேர்டும் நல்லதுதான், ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும், அந்தச் செலவு யாருடைய கார்டில் தெரியும் என்று நீ யோசிக்க வேண்டும். கீபாஸ்எக்ஸ்சி நெட்டுக்கே போகாது, எல்லாம் ஒரே ஃபைலாக உன் கையில் இருக்கும். அந்த ஃபைல் போனால் எல்லாம் போச்சு, அதனால் இப்போதைக்கு அது உனக்கு வேண்டாம். குடும்பத் திட்டம் என்று ஒன்று எல்லோரும் விற்கிறார்கள். அதில் உனக்குத் தனிப் பெட்டகம் உண்டுதான், ஆனாலும் நீ சேராதே. உன் பெயரில், உனக்கு மட்டும், தனிக் கணக்கு.

இதுவரை எல்லாம் குரோமில்தானே சேவ் ஆகியிருக்கிறது? ஹாலில் இருக்கும் லேப்டாப்பில் நீ லாகின் ஆகியிருந்தால், அந்த லேப்டாப்பின் பின் நம்பர் தெரிந்தவர் யாராக இருந்தாலும் உன் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். யாரையும் குறை சொல்லவில்லை, அது அப்படித்தான் வேலை செய்கிறது. சின்ன அத்தைக்கு நடந்தது உனக்குத் தெரியும்.

முகம் தெரியாத திருடனை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதுவும் நடக்காமல் இல்லை. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜரில் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களையே நகலெடுத்துக்கொண்டு போனார்கள். எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்பது அதில் பூட்டாமலே கிடந்தது, பாஸ்வேர்டுகளைக் காத்தது அவரவர் மாஸ்டர் பாஸ்வேர்ட்தான். ஆனால் அந்தத் திருடனுக்கு உன் பிறந்த நாள் தெரியாது, நம் பூனையின் பெயர் தெரியாது, நீ எந்த எண்ணை ராசி என்று எல்லாவற்றுக்கும் போடுவாய் என்பது தெரியாது. கூட இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் மாஸ்டர் பாஸ்வேர்டை நீயாக யோசித்து வைக்காதே, எவ்வளவு யோசித்தாலும் மனம் பழகின இடத்துக்கே போகும். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2016-இல் 7,776 சொற்கள் உள்ள ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால், வரும் ஐந்து எண்களுக்கு நேராகப் பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். அப்படி ஆறு சொல் எடு. பகடை தந்ததை அப்படியே வைத்துக்கொள், பிடிக்கவில்லை என்று மாற்றாதே. பத்தாவது படிக்கும்போது முழுப் பாடத்தையும் ஒரே இரவில் மனப்பாடம் செய்தவள் நீ, ஆறு சொல் உனக்கு எம்மாத்திரம்.

மறந்தால் பிட்வார்டனாலும் திறந்து தர முடியாது. ஒரு தாளில் எழுதி ஆபீஸ் டிராயரில் பூட்டி வை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டுக்கொள், பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும். எஸ்எம்எஸ்ஸில் வருவது வேண்டாம், அதற்கென்று இருக்கும் ஆப்பில் வைத்துக்கொள். அந்த ஆப் கையில் இல்லாமல் போனால் உதவ பிட்வார்டன் தரும் மீட்புக் குறியீட்டையும் அதே தாளில் எழுது.

இதற்கெல்லாம் முன்னால் மெயில். அதுதான் முக்கியம், மறுபடியும் சொல்கிறேன், மெயில். "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று யார் அழுத்தினாலும் பெரும்பாலும் லிங்க் வருவது அங்கேதான். வேறு யாரும் தொடாத கருவியில் புதிதாக ஒரு மெயில் தொடங்கி, அதை வைத்தே பிட்வார்டன் கணக்கைத் திற. பழைய மெயிலில் மீட்பு எண்ணாக யாருடைய போன் இருக்கிறது, வேறு எங்கெல்லாம் திறந்து கிடக்கிறது, வருகிற மெயில் வேறு எங்காவது தானாகப் போகிறதா என்று பார். உன் போனில் உன்னுடையது அல்லாத கைரேகை பதிந்திருக்கிறதா என்றும் பார்.

பழைய பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கினால் மற்ற கருவிகளில் லாக்அவுட் ஆகும், அது கண்ணில் படும். அதனால் புது மெயிலையும் பெட்டகத்தையும் முதலில் சத்தமில்லாமல் தயார் செய்து வை. மற்றதை எப்போது மாற்றுவது என்று நீயே முடிவு செய். நான் அவசரப்படுத்த மாட்டேன்.

நீ முன்பெல்லாம் இப்படி இல்லை. ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டே ஒரு மணி நேரம் பேசுவாய். இப்போது பேசினாலும் போன் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, உனக்குப் பதிலாக வேறு யாரோ சிரிக்கிறார்கள். நான் எதைக் கேட்பது? சம்பளம் வாங்கும் கணக்கின் பாஸ்வேர்டாவது உனக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் சொல்.

இன்னொன்று. பிட்வார்டனில் அவசர அணுகல் என்று ஒரு வசதி உண்டு, கட்டணத் திட்டத்தில்தான் வரும். நீ நம்பும் ஒருவரைக் குறித்து வைக்கலாம். அவர் கேட்ட பிறகு நீ சொன்ன நாட்கள் கழியும்வரை நீ மறுக்காவிட்டால்தான் அவருக்குத் திறக்கும். அதற்கான பணத்தை நான் கட்டுகிறேன். என் பெயரைப் போடு என்று வற்புறுத்தவில்லை, தம்பியின் பெயரைப் போட்டாலும் சரி. ஆனால் நம் ஆட்களில் ஒருவராக இருக்கட்டும்.

அப்பா நன்றாக இருக்கிறார், இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. ஆபீஸ் போனிலிருந்து, மதியம், ஸ்பீக்கர் போடாமல் கூப்பிடு.

அம்மா