செயலாளரின் ஆண்டறிக்கை: விரைவான பீல்ட் டெஸ்ட்டும் எமது சங்கமும்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகசபை மாதாமாதம் கூடியது; வெள்ளம் காரணமாக மார்கழிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. எங்களுக்குள்ள நோய் குளுக்கோமா, அதாவது கண் நரம்பு பழுதாகிப் பார்வைப் புலம் மெல்லக் குறையும் நோய். மார்ச் மாத உலக குளுக்கோமா வாரத்தில் கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். வாங்கிய பலர் அதால் விசிறிக்கொண்டார்கள். மார்ச் வெயிலுக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இவ்வாண்டு கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது பீல்ட் டெஸ்ட், அதாவது பார்வைப் புலப் பரிசோதனை. கருவியில் நாடியை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் வெளிச்சப் பொட்டுத் தெரிந்தால் சுவிட்சை அமுக்க வேண்டும். முன்பு ஒரு கண்ணுக்கே கால் மணித்தியாலம் போனது பழைய அங்கத்தவர்களுக்கு மறந்திராது. கண் எரிந்து கழுத்து விறைத்த பிறகு, கண்டதற்கும் அமுக்குவோம், காணாததற்கும் அமுக்குவோம்.

இந்தப் பரிசோதனை செய்யும் ஹம்ஃப்ரி கருவியில் இப்போது சீட்டா ஃபாஸ்டர் (SITA Faster) என்றொரு விரைவான முறை உண்டு. 2019இல் வெளியான ஆய்வின்படி, வழமையான சீட்டா ஸ்டாண்டர்ட் எடுக்கும் நேரத்தில் பாதியளவே இதற்குப் போதும். சோதிக்கும் இடங்கள் குறையவில்லை. நடுப்புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 24 பாகை வரை பார்க்கும் 24-2 சோதனையில் அதே 54 இடங்கள்தான். அந்த வயதுக்காரருக்குத் தெரியவேண்டிய வெளிச்சத்திலிருந்தே தொடங்குவதாலும், கண் அசைகிறதா என்பதைக் கருவியே கவனிப்பதாலும், இடையிடையே சரிபார்ப்புக்காகக் காட்டும் சில பொட்டுகளை விட்டுவிட முடிகிறது.

படுவான்கரையிலிருந்து வரும் எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் புதிய முறையில் செய்துவிட்டு, சுவிட்சைக் கையில் வைத்தபடியே, “முடிஞ்சித்தா மனே? வடிவாப் பாத்தீங்களா?” என்று கேட்டாராம். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

அவரது சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. பார்வை ஏற்கெனவே நன்றாகக் குறைந்தவர்களுக்குப் புதிய முறை பழைய முறையைவிடச் சற்று நல்ல முடிவைக் காட்டலாம். ஆகவே, முறை மாறியிருந்தால் பழைய தாளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். எந்த முறையில் செய்தது என்று வைத்தியரிடம் கேளுங்கள். அச்சிட்ட தாள்களைத் திகதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கட்டிலுக்கடியில் கிடந்தால் பூச்சிதான் வாசிக்கும்.

என் அபிப்பிராயத்தில், மிச்சப்படும் நேரத்தால் வரவேண்டிய பலன், பரிசோதனை அடிக்கடி கிடைப்பது. வேகமாகப் பார்வை குறைபவர்களைக் கண்டுபிடிக்க, நோய் தெரிந்த முதல் 2 வருடங்களில் 6 தடவை செய்வது நல்லது என்பது நிபுணர்களின் பரிந்துரை. எங்களில் பலருக்கு வருடம் ஒன்றே பெரும்பாடு. இதை எழுத்தில் கேட்பதற்கான கடித வரைவு தலைவரின் மேசையில் இருக்கிறது. கையொப்பமிடாமல் யாரும் தேநீருக்குப் போகவேண்டாம்.

அப்புறம், தூர இடங்களிலிருந்து வருபவர்களுக்கான பஸ் செலவு நிதி. அது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. விபரத்தைப் பொருளாளர் தமது கணக்கறிக்கையில் சமர்ப்பிப்பார்.

செயலாளர்