மறுகால் வலையை அவிழ்க்கச் சொல்லுங்கள்

எங்கள் குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக் குத்தகையை ஏலம் விடும் அலுவலகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் ஆறு மரக்கால் விதைப்பாடு நிலம் வைத்திருக்கும் ஒருவன் இம்மடலை எழுதுகிறேன். எந்தக் குளம், எந்த ஊர் என்பதை இங்கே குறிப்பிடவில்லை. ஆயக்கட்டு, அதாவது குளம் பாயும் நிலம், 40 எக்டேருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், கூடினால் நீர்வளத் துறை என்று குளங்கள் பிரிக்கப்பட்டிருப்பதைத் தாங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். எங்கள் குளம் யார் கணக்கில் இருக்கிறது என்பதும், ஊரார் இருமுறை கொடுத்த மனுக்கள் எந்த மேசையில் கிடக்கின்றன என்பதும் தங்களுக்குத் தெரிந்தவையே. ஆகவே மனுவில் எழுதியதையெல்லாம் மறுபடி எழுதாமல், கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். குளம் நிறைந்தால் மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் மறுகாலின் குறுக்கேயும், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் இரண்டு மடைகளின் வாயிலும் குத்தகைதாரர் கட்டியிருக்கும் வலைகளை அவிழ்க்கச் சொல்லுங்கள். ஜூலை 1-ல் வருவாய்க் கணக்காண்டான புதிய பசலி பிறப்பதற்கு முன் தாங்கள் விடவிருக்கும் ஏலத்தின் நிபந்தனைகளில் இதை எழுத்தாகச் சேருங்கள்.

சென்ற கார்த்திகையில் குளம் பெருகி மறுகால் விழுந்த மூன்றாம் நாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மனுவில் அதை ஒரே வரியில், 'பொதுமக்களுக்கு இடையூறு' என்று எழுதியிருந்தோம். அந்த வரி அதற்குப் போதாது.

கீழமடைக்குக் கீழே வாய்க்கால் திரும்புகிற இடத்தில், எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் ஆச்சி பல வருடங்களாகக் கூடை வைத்து மீன் பிடித்துவருகிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல். கணவர் இல்லை, சொந்தமாகக் காணி நிலமும் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் வயலில் கூலி இல்லை, நூறு நாள் வேலையும் நடக்காது. அந்த நாள்களில் வாய்க்காலில் இறங்கும் அயிரை, உளுவை, கெண்டைப் பொடி, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு கெளுத்தி, இவற்றைக் கூறு போட்டுத் தெருவில் விற்பதுதான் அவருக்கு அரிசிக்கும் மாத்திரைக்கும் வழி. மிஞ்சியது அவர் வீட்டுக் குழம்புக்கு. அன்று அவர் கூடையில் அரைக் கிலோகூட இருந்திராது. குத்தகைதாரர் வைத்திருக்கும் காவலாள், பேரன் வயது இருக்கும், கரையிலிருந்து இறங்கி வந்து கூடையைப் பிடுங்கினான். மீனைக் கரைமேல் கொட்டினான். வெறுங்கூடையை அவர் கையில் பிடிக்கவைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தான். போலீசுக்குக் கொடுப்பதற்காம். பிறகு கூடையையும் எடுத்துக்கொண்டு போனான்.

"வாய்க்கா மீனையும் ஏலத்துல எடுத்துட்டாவளாய்யா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் அங்கேதான் நின்றிருந்தேன். நானும் பதில் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பதில் தெரியாமல்தான் நின்றேன். அதே கேள்வியை இப்போது தங்கள் முன் வைக்கிறேன்: தாங்கள் ஏலம் விட்டது குளத்தையா, குளத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரிலும் உள்ள உயிர்களையும் சேர்த்தா?

குத்தகைதாரர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது முறையாகாது. அவர் காசு கொடுத்துக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். அவை கங்கைப் பக்கத்து மீன்கள். ஓடுகிற ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுமே தவிர நம்முடைய குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை. குஞ்சு மறுகாலில் போய்விட்டால் அவருக்கு நட்டம், மறுபடியும் வாங்கித்தான் விட வேண்டும். அதனால் வலை கட்டினார், சரி. ஆனால் நம் குளத்து மீன்களின் பழக்கம் வேறு. புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் தண்ணீரை எதிர்த்து ஏறும். மடை வழியாக வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து நட்ட வயலுக்கும் இறங்கும். ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பிறகு குளத்துக்குத் திரும்பும். இவற்றை யாரும் விதைத்ததில்லை, யாரும் விலைக்கு வாங்கி விட்டதும் இல்லை. கொசுவலைபோல் நெருக்கமான கண் உள்ள வலையை மூன்று வாயிலிலும் கட்டினால், குத்தகைதாரரின் கட்லாவோடு சேர்த்து இந்த மீன்களின் போக்குவரத்தும் நின்றுபோகிறது. இப்படி மூன்று பிசான நெற்பருவம் போய்விட்டது. முன்பெல்லாம் களையெடுக்கும் பெண்கள் மடியில் நாலு மீனோடு வீடு திரும்புவார்கள். இப்போது வயலில் நத்தையைத் தவிர வேறொன்றும் அசையக் காணோம்.

தாம் விட்ட மீனைக் காக்க வேண்டுமானால் அவர் குளத்துக்குள்ளேயே ஒரு பகுதியை வலையால் அடைத்து, குஞ்சுகள் விரல் நீளத்தைத் தாண்டி வளரும்வரை அதற்குள் வைத்திருக்கட்டும். இப்படி வளர்ப்பது மீன் வளர்ப்பவர்களுக்குப் புதிய வித்தையல்ல. அதற்குச் செலவு கொஞ்சம் கூடும். மறுகாலை அடைத்தால் அந்தச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் ஆச்சியின் கூடையிலிருந்து வசூலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றித் தாமிரபரணிக்காரர்கள் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றிரவு எங்கள் குளத்து மறுகால் வலையில் ஆகாயத்தாமரையும் உடைமுள்ளும் வாழைமரங்களும் வந்து அடைத்து, மறுகாலின் வாய் பாதியாகச் சுருங்கியது. தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் குறைவாக நின்றபோது, ஊர்ப் பையன்கள் ஆறு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இருட்டில் இறங்கி, அரிவாளால் அந்த வலையை அறுத்தார்கள். எங்கள் குளம் உடைந்திருந்தால் எங்களோடு நின்றிருக்காது. மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கும், அதன் மறுகால் அதற்கடுத்த குளத்துக்கும் போகும்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துவைத்த குளங்கள் இவை. தண்ணீர் வடிந்தபின் குத்தகைதாரர் செய்த முதல் காரியம், வலையை அறுத்ததற்கும் மீன் போனதற்கும் ஊர் நட்டஈடு தர வேண்டும் என்று ஆள் அனுப்பியதுதான். இரண்டாவது காரியம், முன்னதைவிடத் தடித்த நைலான் வலையை அதே இடத்தில் கட்டியது. அதைக் கட்டும்போது தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். நான் நேரில் பார்க்கவில்லை, ஆகவே அதை வற்புறுத்த மாட்டேன்.

குத்தகைக்கு 'மீன்பாசி' என்று பெயர் வைத்தவர் யாரோ, தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும். மீன் குத்தகைதாரருக்கு, பாசி எங்களுக்கு என்று கணக்காகப் பிரித்துவைத்திருக்கிறார். வாரம் இருமுறை வண்டியில் வந்து இறங்கும் கோழிக் கழிவால் குளத்துத் தண்ணீர் பச்சைக் கரைசலாகிவிட்டது. விடியற்காலையில் தண்ணீரில் மூச்சுக்காற்று குறைந்து மீன்களே மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, எருமைகளோ முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கரையோரத்தில் சலவை செய்துவந்த நான்கு குடும்பங்கள் இப்போது துணிமூட்டையைச் சுமந்துகொண்டு ஆற்றுக்கு நடக்கின்றன. களைதான் தின்னும் என்று சொல்லி இறக்கிய புல் கெண்டைக்குத் தாமரைக் கொடிக்கும் களைக்கும் வேறுபாடு தெரியவில்லை. பூப்பறித்துக் கோவில் வாசலில் விற்றவர்கள் பரணில் கிடக்கும் பரிசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பங்குனி பிறந்தால், மீனை அள்ளுவதற்காக மடையை இரவில் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்குவது தனிக் கதை. கடைசி நனைப்புத் தண்ணீருக்காக நாங்கள் காத்திருக்கும் நாள்களில், அறுவடையானது முதலில் மீனாகத்தான் இருக்கிறது. மீன் வளர்ப்பைப் பெருக்க 2020-ல் ரூ.20,050 கோடியில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம் உண்டு என்று விளம்பரப் பலகையில் படித்தேன். ஆச்சியும் பெண்தான். ஆனால் மானியத்தில் குளம் வெட்டுவதற்கு முதலில் வெட்டுவதற்கொரு நிலம் வேண்டும். நிலமில்லாதவருக்கு இருந்த ஒரே மீன்வளத் திட்டம் அந்த வாய்க்கால் திருப்பம்தான். அதற்கு அரசு ஒரு காசும் செலவழிக்கவில்லை, ஒரு விண்ணப்பப் படிவமும் இருந்ததில்லை.

எழுத எழுத வேறு எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். கோழிக் கழிவைப் பற்றியும் இரவு மடைதிறப்பைப் பற்றியும் தனியாக மனுக் கொடுப்போம், அவற்றையும் இதோடு கட்டிக் காலம் கடத்த வேண்டாம். இந்த மடலில் கேட்பது வலையைப் பற்றி மட்டுமே.

குத்தகையை ரத்துசெய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏலத் தொகை அரசுக்குப் போவதிலும் எங்களுக்கு வருத்தமில்லை, அதில் ஒரு பங்கு எங்கள் கரையைப் பலப்படுத்தத் திரும்பிவந்தால் மகிழ்ச்சியே. எங்கள் ஊர் இளைஞர்கள் சிலரும் அந்த மீன் பிடிப்பில் கூலி வாங்குகிறார்கள் என்பதையும் அறிவோம். ஏலம் எடுத்தவர் தாம் விட்ட மீனைத் தாம் பிடித்துக்கொள்ளட்டும். மறுகாலைத் தாண்டி விழுந்ததும், மடை வழியாக வாய்க்காலுக்கு இறங்கியதும் குத்தகையில் சேராது என்று ஒரு வரி எழுதுங்கள். மறுகாலிலும் மடையிலும் வலையோ தட்டியோ கட்டினால் முன்பணம் பறிமுதல் என்று அடுத்த வரி எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளும் ஏல அறிவிப்பில், குளத்தின் பெயர், பரப்பு, குறைந்தபட்சத் தொகை ஆகியவற்றுக்குக் கீழே வந்தால் போதும். அறிவிப்பை எங்கள் ஊர்ச் சாவடியிலும் ஒட்டச் செய்தால், காவலாளும் படிப்பான், ஆச்சிக்கும் யாராவது படித்துக்காட்டுவார்கள்.

பாபநாசம் அணை திறந்து, கால்வாயில் தண்ணீர் வந்து, குளம் பெருகுவதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இப்போது குளம் வற்றிக் கிடக்கிறது. மறுகாலில் வலை கட்டிய இரும்புக் கம்பிகள் வெயிலில் துருவேறி நிற்கின்றன. எடுப்பதற்கு இதைவிட எளிதான நேரம் வராது. ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக் கரையில் ஒழுங்காக அடுக்கிவைத்துவிடுகிறோம். வலையில் ஒரு முடிச்சுகூட அறுபடாது, கூலியும் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆச்சியின் கூடை இன்னும் குத்தகைதாரரின் காவல் குடிசையில்தான் தொங்குகிறது, போகும்போதும் வரும்போதும் பார்க்கிறோம். பனை ஈர்க்கில் முடைந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழமடைப் பாசனக்காரன் ஒருவன்,
திருநெல்வேலி மாவட்டம்