நூல் நிற்காத ஷட்டில், மூன்று புரி நூல்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஒரு புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், நாகர்கோவில்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
கைவினைப் பொருட்கள் இணைய விற்பனைப் பிரிவு.

பொருள்: தொடக்கநிலை டாட்டிங் செட் இரண்டு – தரக்குறைவு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் 4-ஆம் தேதி உங்கள் தளத்தில் டாட்டிங் செட் இரண்டு வாங்கினேன். ஷட்டில் என்ற சிறு கருவியில் நூலைச் சுற்றி, முடிச்சு முடிச்சாகப் போட்டு வளையம் வளையமாக லேஸ் பின்னுவதுதான் டாட்டிங். ஒன்று 590 ரூபாய், மொத்தம் 1,180. செட்டுக்கு இரண்டு ஷட்டில், 40-ஆம் நம்பர் வெள்ளை நூல் உருண்டை மூன்று, செய்முறைத் தாள் ஒன்று. ஒரு செட் எனக்கு. இன்னொன்று பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகளுக்கு. 11-ஆம் தேதி பார்சல் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பெட்டி அழகான பெட்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசிவிட்டேன். முதல் முறை எடுத்த தம்பியிடம் "ஷட்டில் சரியில்லை" என்றதும், "இறகு ஷட்டிலா மேடம், நைலானா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, நம் ஊரில் ஷட்டில் என்றால் பேட்மிண்டன்தான். இரண்டாம் முறை படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். மூன்றாம் முறை பேசியவர், பிரித்த நூலைத் திரும்ப எடுப்பது நிறுவன விதியில் இல்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். உடைக்காமல் தேங்காய் அழுகலா என்று எப்படிச் சொல்வது? நூலும் அப்படித்தான், பின்னிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஷட்டில். படகு மாதிரி இரண்டு தகடு, நடுவில் நூல் சுற்ற ஒரு தண்டு, அவ்வளவுதான் அந்தக் கருவி. ஆனால் அதன் உயிர் இரண்டு முனைகளிலும் இருக்கிறது. தகடுகள் முனையில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நூலை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு வரவேண்டும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். நான் ஏழாம் வகுப்பில் கான்வென்ட் சிஸ்டரிடம் வாங்கிய ஷட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளையாக இருந்தது இப்போது நெய் நிறமாகிவிட்டது, சத்தம் மட்டும் மாறவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ரேஷன் கடை வரிசையிலும் பர்ஸிலிருந்து எடுத்து நாலு வளையம் போட்டுவிடுவேன். அந்த 'டிக்' கேட்பதில்தான் பாதி சந்தோஷம்.

பின்னப் பின்ன நூல் முறுக்கிக்கொள்ளும். அப்போது ஷட்டிலைக் கீழே தொங்கவிட்டால் அது தானாகச் சுழன்று முறுக்கு கழலும். நல்ல ஷட்டில் தொங்கின இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உங்களுடையதைத் தொங்கவிட்டேன், கிணற்றில் விட்ட வாளி மாதிரி தரைவரை போய்விட்டது. நான்கில் மூன்று ஷட்டில்களின் முனையில் போஸ்ட் கார்டே நுழையும் அளவுக்கு இடைவெளி. நான்காவதில் முனை சரி, ஆனால் அச்சில் வார்த்த இடத்தில் பிசிறு நிற்கிறது, நூல் அதில் உரசிப் பஞ்சாகிறது. உப்புத்தாள் வைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். அது உங்கள் தொழிற்சாலையில் நடந்திருக்க வேண்டிய வேலை.

அடுத்தது நூல். டாட்டிங் தெரிந்தவர்களுக்கு நம்பர் ஏறினால் நூல் மெலியும் என்பது தெரியும். 20 தடிமன், 40 நடுத்தரம், 80 மெல்லிசு. 40-ஆம் நம்பர் நூலில் இருபது இரட்டை முடிச்சு போட்டு, ஐந்துக்கு ஒன்றாக மூன்று காது (முடிச்சுகளுக்கு நடுவே விடும் சின்ன நூல் கண்ணி) விட்டு மூடினால் வளையம் என் சுண்டுவிரல் நகத்தோடு நிற்கும். உங்கள் நூலில் அதே கணக்கு கட்டைவிரல் நகத்தையே மறைக்கிறது. கைக்குட்டை ஓரத்துக்கு இவ்வளவு தடித்த பின்னல் வைத்தால் மிதியடிக்கு வைத்தது போல இருக்கும். உறையில் 'ஆறு புரி, மெர்சரைஸ்டு' என்று அச்சடித்திருக்கிறீர்கள். குண்டூசியால் நுனியைப் பிரித்து எண்ணினேன், மூன்றுதான். மதுரையில் நூற்பாலையில் வேலை பார்த்த என் அண்ணனிடம் காட்டினேன். பருத்தி நூலை இழுத்துப் பிடித்து காஸ்டிக் சோடாவில் நனைத்து எடுத்தால் பளபளப்பும் வலுவும் கூடும், அதுதான் மெர்சரைஸ், இது அந்தப் பக்கமே போகாத நூல் என்றார்.

நூல் மட்டமாக இருப்பது தையலில் சின்ன விஷயமாக இருக்கலாம். டாட்டிங்கில் அப்படி இல்லை. வளையத்தை மூட ஷட்டில் நூலைப் பலமாக இழுக்க வேண்டும், எல்லா முடிச்சுக்குள்ளும் அது வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த நேரத்தில்தான் உங்கள் நூல் அறுகிறது. ஸ்வெட்டர் என்றால் உருவிவிட்டு மறுபடி பின்னலாம், குரோஷாவும் அப்படித்தான். இதில் இறுகின முடிச்சைப் பிரிப்பது நடக்கிற காரியம் இல்லை. கத்தரித்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஒன்பது வளையம் அப்படிப் போனது.

செய்முறைத் தாளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். இந்தக் கலையில் ஒரே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடது கை விரல்களில் சுற்றிப் பிடித்திருப்பது விரல் நூல். ஷட்டிலை அதன் அடியில் விட்டு எடுக்கும்போது முடிச்சு முதலில் ஷட்டில் நூலில்தான் விழும். உடனே இடது கை விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாக இழுக்க வேண்டும். முடிச்சு அப்படியே விரல் நூலுக்குத் தாவும். தாவினால்தான் வளையம் மூடும், தாவாவிட்டால் பூட்டிக்கொள்ளும். எனக்கு அது கைவர நாலு நாள் ஆனது. பிறகு ஒருநாள் திடீரென்று வந்தது, சைக்கிள் மாதிரி. உங்கள் தாளில் எட்டுப் படம் இருக்கிறது. விரலைத் தளர்த்தும் படம் இல்லை, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஷட்டிலை மேலே விடு, கீழே விடு, இழு, அவ்வளவுதான்.

தங்கை மகள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போனில், "பெரியம்மா, என் விரல் இதுக்கு லாயக்கில்ல போல" என்றாள். அவள் தாளைக் குறை சொல்லவில்லை, ஷட்டிலைச் சொல்லவில்லை, நூலைச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வரவழைத்து, என் பழைய ஷட்டிலையும் மீதம் வைத்திருந்த நூலையும் கையில் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிச்சு தாவியது. இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது அன்றைக்கு ராத்திரிதான், 1,180 ரூபாய்க்காக மட்டும் என்றால் விட்டிருப்பேன்.

இன்னொன்று. தாளின் தலைப்பில் 'இந்தியாவுக்குப் புதிய லேஸ் கலை' என்று போட்டிருக்கிறீர்கள். டாட்டிங் எங்கள் பள்ளித் தையல் வகுப்பிலேயே இருந்தது. திண்டில் குண்டூசி குத்திப் பின்னும் ரேந்தை என்ற லேஸ் வேறு ரகம், அதை 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். தலைப்பையாவது மாற்றுங்கள்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். 1,180 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். பொருளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்று செட் வேண்டாம், அதே அச்சில் வார்த்ததுதானே வரும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுவேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இத்துடன் பில் நகலும், தாளில் விடுபட்ட படத்தை நானே பென்சிலால் வரைந்ததும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது அதை ஒன்பதாவது படமாகச் சேர்த்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். அறுந்த வளையங்கள் ஒன்பதும் தனி உறையில் இருக்கின்றன. உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் யாராவது ஒருவர் அவற்றைக் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நாகர்கோவில்.