பரிசுத்தொகையோடு ஒரு ஆடிட்டரையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்கள் கோடீஸ்வரர் ஆவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையைப் படித்தேன். உழைப்பு, தன்னம்பிக்கை என்றே முக்கால் பக்கம் போய்விட்டது, பணம் எந்த வழியில் வந்தது என்பது மட்டும் கடைசிவரை வரவில்லை.

மைக்கேல் ஜோர்டான் கூடைப்பந்து ஆடி வாங்கிய மொத்தச் சம்பளமே சுமார் 9.4 கோடி டாலர்தான். 1984-ல் நைக்கியோடு கையெழுத்துப் போட்டபோது, விளம்பரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகாமல் தன் பெயரில் விற்கிற ஷூவின் வருமானத்திலும் பங்கு கேட்டு வாங்கினார் பாருங்கள், அதுதான் அவர் 2003-ல் ஆட்டத்தை விட்ட பிறகும் வருஷா வருஷம் கொட்டுகிறது. 2010-ல் வாங்கிய சார்லட் கூடைப்பந்து அணியின் பெரும்பங்கை 2023-ல், அணிக்குச் சுமார் 300 கோடி டாலர் மதிப்பு போட்டு விற்றார். டென்னிஸ் வீரர் ஃபெடரரும் 2019-ல் 'ஆன்' என்கிற ஷூ கம்பெனியில் பணம் போட்டுப் பங்குதாரர் ஆனார், இரண்டே வருஷத்தில் அது நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. இதே நைக்கி ஷூவை நம்ம செய்யாறு சிப்காட்டில்தான் தைக்கிறார்கள். தைப்பவருக்கு என்ன, பெயர் கொடுத்தவருக்கு என்ன என்று தோல், ஷூ தொழிலில் ஊறிய ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சரி, எங்கள் சத்துவாச்சாரிக்கு வருகிறேன். 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் பளு தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர். இன்றைக்கும் கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டு பளு தூக்கும் பையன்களைப் பார்த்து பெற்றோர் கேட்பது, ரயில்வே கோட்டாவில் வேலை கிடைக்குமா என்பதுதான். தப்பே இல்லை, மாதச் சம்பளம் பெரிய தைரியம். ஆனால் இருபது வயதில் ஒருவனுக்குப் பதக்கத்தோடு சில லட்சம் மொத்தமாக வந்தால் என்ன ஆகும்? மறுவாரமே மனை புரோக்கரோடு சொந்தக்காரர் ஒருவர் வந்து நிற்பார், இன்னொருவர் மாதம் இத்தனை வட்டி என்று ஏதோ நிதி நிறுவனத்தைக் காட்டுவார். அப்படிப் போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தவர்கள் வேலூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்த குத்துச்சண்டை வீரர் மைக் டைசனே 2003-ல் திவால் மனு கொடுத்தார் என்றால் இவன் எந்த மூலைக்கு!

கடைத் திறப்பு விழாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதக்கம் வாங்கிய பையனைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்ட வைத்து, ஒரு சால்வையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்பிவிட்டு, அவன் படத்தை ஆறு மாதம் பேனரில் வைத்து வியாபாரம் பார்க்கிறார்கள். அந்தப் படத்துக்குக் காசு கேட்கலாம் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது, கேட்டால் திமிர் என்பார்கள்.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் காசோலை கொடுக்கிற அன்றே ஒரு ஆடிட்டரையும் வக்கீலையும் உட்கார வைத்து, பையனுக்கு மட்டும் இல்லாமல் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து, வரி என்ன, ஒப்பந்தத்தில் எந்த ஷரத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கட்டும். பெரிய செலவு ஒன்றும் ஆகாது. உங்கள் நிருபரும் அடுத்த கட்டுரைக்கு வீரர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்களைப் பேட்டி எடுத்தால் நன்றாக இருக்கும்.

– ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்