தானாக அணையும் கேஸ் கீசருக்கு ‘டைரக்ட்’ கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மார்கழியில் ஏற்காட்டில் உள்ள என் தங்கை வீட்டில் நடந்ததைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள், குறிப்பாக மலைமேல் குடியிருப்போரும் விடுதி நடத்துவோரும் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அவர்கள் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்த கேஸ் கீசர், குழாயைத் திறந்ததும் ஒழுங்காகப் பற்றிக்கொள்ளும்; ஐந்தாறு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றி, சென்சாருக்குப் போகும் இரண்டு வயர்களையும் அறுத்து ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, “சென்சார் போய்விட்டது, டைரக்ட் கொடுத்துவிட்டேன், இனி அணையாது” என்று சொல்லிச் சென்றார். அவர் சொன்னபடியே அது அணையவில்லை. மறுநாள் காலை குளிக்கப் போன தங்கை மகள் தலை சுற்றி, கால் துவண்டு, தாழ்ப்பாளைத் திறந்த இடத்திலேயே விழுந்தாள். வாந்தியும் எடுத்ததால் வீட்டில் இருந்தவர்கள் பித்தம் என்றே நினைத்து எலுமிச்சம்பழம் தேடினார்கள். பல ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்பதால் எனக்கு வேறு சந்தேகம் எழுந்தது. அவளை உடனே வாசலுக்குத் தூக்கி வந்து காற்றாட வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே பிராணவாயு கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள்.

பிறகு போய்ப் பார்த்தபோது, அந்தக் குளியலறையின் வென்டிலேட்டர் குரங்குத் தொல்லைக்காகவும் குளிருக்காகவும் பலகை வைத்து ஆணி அடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சென்சார் கெட்டுப்போகவே இல்லை. அறையில் பிராணவாயு குறைவதைக் கண்டு, அது செய்ய வேண்டிய வேலையைத்தான் ஒவ்வொரு நாளும் செய்துவந்திருக்கிறது. பழுது பார்த்தவர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அணையாமல் செய்து கொடுங்கள் என்று அவரிடம் கேட்டவர்கள் நாங்கள்தான்.

நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் சிறிய கீசர்கூட, சமையல் அடுப்பின் பர்னர்கள் நாலைந்து சேர்ந்து எரிவதற்கு ஈடான கேஸை எரிக்கிறது. அதற்கு வேண்டிய காற்று முழுவதையும், புகைபோக்கி இல்லாத வகையானால், நாம் குளிக்கும் அந்தச் சிறிய அறையிலிருந்தே எடுத்துக்கொண்டு, எரிந்த புகையையும் அங்கேயே விடுகிறது. காற்று போதாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அதில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் காற்றின் அடர்த்தியே சேலத்தைவிடக் குறைவு என்பதையும், குளிருக்காக நாம் எல்லாக் கதவு சன்னல்களையும் சாத்திக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மலைமேல் இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்பது விளங்கும்.

கீசர் அணைவதற்கு எப்போதும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. பற்றவே மறுத்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம். மேல்நிலைத் தொட்டி உயரம் போதாமலோ, நீர் நுழையும் இடத்து வடிகட்டியில் மண் அடைத்தோ அழுத்தம் குறைந்தாலும் அது பற்றாது. தீரும் தறுவாயில் உள்ள சிலிண்டர் குளிர்ந்த காலையில் போதிய அழுத்தம் தராது. பல மாடல்களில் 20 நிமிடத்தில் தானே நிறுத்தும் டைமர் உண்டு. சேலத்தில் போர்வெல் நீர் பயன்படுத்தும் வீடுகளில் உப்புப் படிந்து செம்புக் குழாய் அடைபட்டு, அளவுக்கு மேல் சூடேறி, வெப்பக் கட்டுப்பாடு கீசரை நிறுத்துவதும் உண்டு. அதற்கு வேண்டியது உப்பை நீக்கும் சர்வீஸ். இவை எதுவும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்து அணைந்தால், அதிலும் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினாலோ மேலே கரி படிந்திருந்தாலோ, அன்றே கீசரை நிறுத்திவிட வேண்டும்.

கசிவிலும் நீர்க் கசிவையும் கேஸ் கசிவையும் ஒன்றாகக் கருதக் கூடாது. இணைப்பில் சொட்டும் நீர் பெரும்பாலும் வாஷர் மாற்றினால் நிற்கும். ஆனால் உள்ளே குழாயில் ஊசித்துளை விழுந்து பர்னர்மேல் சொட்டினால் சுடர் கெடும், எனவே அதைத் தள்ளிப்போடக் கூடாது. கேஸ் கசிவுச் சந்தேகத்துக்குச் சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதே முறை. தீக்குச்சி உரசிப் பார்ப்பது பெரும் விபத்தில் முடியும். நாற்றம் வீசினால் ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த மின்சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து, 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். காற்றைவிடக் கனமான இந்த கேஸ் தரையோடு தங்கும் என்பதால், மேலே நாற்றம் குறைந்துவிட்டதென்று உள்ளே போவது சரியல்ல. சிலிண்டரிலிருந்து கேஸைக் கொண்டுவரும் ஆரஞ்சு நிற ரப்பர் குழாயான சுரக்ஷா ஹோஸின் ஆயுள் 5 ஆண்டுகள். எலி கடித்த தடம் இருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

தங்கை வீட்டில் இப்போது கீசரை வெளிச்சுவரில் சன்ஷேடின் அடியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்திருக்கிறோம். வென்டிலேட்டரில் பலகைக்குப் பதில் கம்பி வலை போட்டாயிற்று. ஆன செலவு பெரிதல்ல. ஏற்காட்டின் விடுதிகளிலும் வாடகைக்கு விடும் வீடுகளிலும் கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்பதை உள்ளாட்சி நிர்வாகமும் தீயணைப்புத் துறையும் குளிர்காலத்துக்கு முன்பே சோதித்து உறுதிசெய்ய வேண்டும். சமையலறை இணைப்பைப் பரிசோதிக்க வரும் கேஸ் ஏஜென்சி ஊழியர்கள் கீசரையும் ஒருமுறை பார்த்துச் செல்ல வேண்டும். பழுது பார்ப்போர் யாராக இருந்தாலும், வீட்டுக்காரரே கெஞ்சிக் கேட்டாலும், சென்சார் வயரை முறுக்கிக் கொடுக்க மறுக்குமாறு தங்கள் நாளிதழின் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.